அஸ்திபாரம் இட்டவர் அங்கே இல்லை

தியானப் பகுதி: லூக்கா 14:25-33, 1 நாளாகமம் 28, 29 அதிகாரங்கள்



இங்கிலாந்தில் குடியேறி வாழும் நம் சபைப் பிள்ளை ஒருவர், தாம் வசிக்கும் சிறிய சந்தை நகரத்தின் பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி அண்மையில் எனக்கு எழுதியிருந்தார். அந்நாட்டில் பழைமையும் சிறப்பும் வாய்ந்த கட்டடங்களுக்கென்று அரசின் பட்டியல் ஒன்று உண்டு. 1947-ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டத்தினால் நிலைபெற்ற ஏற்பாடு அது. பட்டியலில் ஏறிய கட்டடத்தின் தன்மையை மாற்ற வேண்டுமானால் அதன் சொந்தக்காரரும் அனுமதி பெற்றாக வேண்டும். இவற்றையெல்லாம் விவரித்துவிட்டு, "நம் ஊரில் அப்படிக் காக்கத் தகுந்த கட்டடம் எது, ஐயா?" என்று கேட்டிருந்தார்.

விடை தேடி நான் நெடுந்தொலைவு போகவில்லை. கோயம்புத்தூரும் சந்தை நகரமாக வளர்ந்ததுதான். பெரிய கடை வீதி, ஒப்பணக்கார வீதி என்ற பெயர்களே அதற்குச் சாட்சி. அந்தப் பெரிய கடை வீதியில், கடைகளின் நெருக்கத்துக்கும் வண்டிகளின் இரைச்சலுக்கும் நடுவே, தூய மிக்கேல் அதிதூதர் பேராலயம் நிற்கிறது. அது நம்முடைய திருச்சபைப் பிரிவைச் சேர்ந்தது அன்று. கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமை ஆலயம். ஆயினும் அதன் வரலாறு நமக்கும் ஒரு பாடம் சொல்லுகிறது. இந்த வாரம் அதைத்தான் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

அப்பேராலயம் கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு 1867. கோவை நகராட்சி அமைந்தது அதற்கு முந்தைய ஆண்டில்தான். இன்று டவுன் ஹால் என்று நாம் அழைக்கும் மண்டபமோ 1892-இல் எழுந்தது. ஆகவே, நகரம் தன்னை நகரமென்று அறியத் தொடங்கிய காலத்திலேயே அந்தச் சுவர்கள் எழும்பி நின்றுவிட்டன. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், 1850-ஐ ஒட்டிய நாட்களில் பணி தொடங்கியபோது, தென்னிந்தியாவில் எங்குமே பயணிகள் ரயில் ஓடவில்லை. சென்னை இராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது 1856-இல். கல்லும் மரமும் சுண்ணாம்பும் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்த காலம் அது.

அந்தப் பணியைத் தொடங்கியவர் பிரெஞ்சு நாட்டு ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரேசியாக். 1813-இல் தென் பிரான்சில் பிறந்தவர். 1842-இல், 28 வயதில், புதுச்சேரியில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார். சேலத்தில் ஊழியம் செய்தார். குருத்துவப் பயிற்சி பெறும் மாணவரை வழிநடத்தினார். 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், 32 வயதில், ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அது நடந்த இடம் புதுச்சேரியோ சென்னையோ அன்று. நம் அவிநாசி சாலையில் உள்ள கருமத்தம்பட்டி! இன்று விசைத்தறி ஓசைக்குப் பெயர்பெற்ற அந்த வட்டாரம் அக்காலத்தில் இப்பகுதிக் கத்தோலிக்க மிஷனின் மையமாக விளங்கியது. 1850-இல் கோவைப் பகுதி தனித் திருஆட்சிப் பகுதியாக உயர்த்தப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவரே.

பிரியமானவர்களே, இப்படிப்பட்ட ஒருவர் தாம் தொடங்கிய ஆலயத்தின் நிறைவைக் காண எவ்வளவு விரும்பியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் அவர் அதைக் காணவில்லை. 1854-இல் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டு ரோமாபுரிக்குச் சென்றார். 1855-இல் அவருடைய பதவி விலகல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன்பின் அவர் கோவை மண்ணை மிதிக்கவே இல்லை.

ஏன் விலகினார்? பணமுடையோ, உடல் நலக்குறைவோ, மக்களின் வெறுப்போ அதற்குக் காரணம் அன்று. இரண்டு கேள்விகள் அவர் உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்தன. இந்நாட்டுத் திருச்சபைக்கு இந்நாட்டவரே குருக்களாகவும் தலைவர்களாகவும் வர வேண்டாமா என்பது முதல் கேள்வி. வர வேண்டும் என்பதே அவர் ஊழியத்தின் தலையாய நோக்கம். உடன் ஊழியர் அனைவரும் அதே வேகத்தில் அவரோடு வரவில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. சாதியோடு பின்னிக் கிடந்த வழக்கங்களில் எவற்றைக் கிறிஸ்தவர்கள் தொடரலாம், எவற்றை விட்டுவிட வேண்டும்? இதைப்பற்றிப் போப் 14-ஆம் பெனடிக்ட் 1744-இல் சட்டம் விதித்திருந்தார். இங்கு ஊழியம் செய்த கத்தோலிக்க மிஷனரிகள் அதைக் கைக்கொள்வதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். ஆனால் ஏட்டில் இருந்தது ஒன்று, நாட்டில் நடந்தது மற்றொன்று. உறுதிமொழியை வாயால் சொல்லிவிட்டு நடைமுறையில் கண்ணை மூடிக்கொள்ள அந்த மனிதரால் இயலவில்லை. எது ஆகும், எது ஆகாது என்று தெளிவாகச் சொல்லுங்கள் என்று மேலிடத்தை வேண்டினார். தம் மனச்சாட்சி அமைதி பெறும்படியான விடை கிடைக்கவில்லை. ஆகவே பதவியைத் துறந்தார்.

அவர் எண்ணியவை யாவும் சரியென்று நான் வாதாட வரவில்லை. அதே ஆண்டுகளில் நம் முன்னோரும் அதே கேள்வியோடு போராடினர். 1830-இல் கோவையில் லண்டன் மிஷன் ஊழியத்தைத் தொடங்கியவர் அடிஸ் ஐயர். அந்த மிஷனும் பிற சீர்திருத்த மிஷன்களும் கலந்துகொண்ட சென்னை மிஷனரி மாநாடு, சபைக்குள் சாதிக்கு இடமில்லை என்று 1850-இல் வெளிப்படையாக அறிவித்தது. அறிவித்து 170 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்றும் தமிழகத்தில் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கிறது. திருமணப் பேச்சில் விசுவாசத்தை விசாரிக்கும் முன் குலத்தை விசாரிக்கிறோம். அந்த ஆயரின் மனச்சாட்சியைக் குத்திய முள் நம் காலில் இன்னும் இருக்கிறது. நாம்தான் நொண்டி நடக்கப் பழகிவிட்டோம்.

கோவையை விட்டவர் ஓய்ந்திருக்கவில்லை. 1856-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், பிரான்சின் லியோன் நகரில், ஆப்பிரிக்க மிஷன் சபை என்ற ஊழிய அமைப்பைத் தோற்றுவித்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமே நாட்டுக்குச் செல்ல விரும்பினார். சியரா லியோன் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1859 மே 14-இல் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் இறங்கினார். அந்நகரில் அப்போது மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. உடன் வந்த ஊழியர்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். ஜூன் 25-இல் அவரும் கண்மூடினார். இறங்கிய நாளிலிருந்து ஆறே வாரங்கள். வயது 45.

கோவையில் ஆலயம் முடியவில்லை. ஆப்பிரிக்காவில் ஊழியம் தொடங்கவே இல்லை. உலகத்தின் கணக்குப்படி இது இரட்டைத் தோல்வி.

இப்போது லூக்கா 14-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். கோபுரம் கட்ட விரும்புகிற மனிதன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று ஆண்டவர் கேட்கிறார். அஸ்திபாரம் போட்டு, முடிக்க இயலாமற்போனால், பார்க்கிறவர்கள் எல்லாரும் அவனைப் பரியாசம்பண்ணுவார்கள் என்றும் சொல்லுகிறார். இந்த உவமையை நாம் பெரும்பாலும் கட்டடக் குழுக் கூட்டங்களில்தான் வாசிக்கிறோம். மதிப்பீடு சரியா, நன்கொடை போதுமா, கடன் வாங்கலாமா என்ற பேச்சுக்கு இது பொருத்தமாகத் தோன்றுகிறது. அப்படியானால், அந்த ஆயர் பரியாசத்துக்குரிய மனிதர்தானா? அஸ்திபாரம் போட்டார், முடிக்கவில்லையே!

வேதபகுதியை இன்னும் சற்றுத் தூரம் வாசித்துப் பாருங்கள். 33-ஆம் வசனத்தில் ஆண்டவர் தம் உவமையின் பொருளை வெளிப்படுத்துகிறார். தனக்கு உண்டான யாவற்றையும் வெறுத்துவிடாதவன் தமக்குச் சீஷனாயிருக்க முடியாது என்பதே அவர் வந்து சேரும் இடம். அவர் கணக்குப் பார்க்கச் சொன்னது நம் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அன்று. எவ்வளவை விட்டுவிட ஆயத்தமாயிருக்கிறோம் என்பதையே. வீட்டைக் கட்டுகிறவனுக்குச் செலவு பொருளால். சீஷனுக்குச் செலவு "என்னுடையது" என்ற சொல்லால்.

அவ்விதம் பார்த்தால், பெரிய கடை வீதியில் பாதியில் நின்ற சுவர்களையும் ஆயர் பட்டத்தையும் விட்டுச் சென்றவர் செலவைக் கணக்குப் பார்க்காதவர் அல்லர். கடைசிக் காசு வரை செலுத்தினவர். மனச்சாட்சியைக் கொடுத்து ஆலயத்தைக் காத்துக்கொள்ள அவர் மறுத்தார். ஆலயத்தைக் கொடுத்து மனச்சாட்சியைக் காத்துக்கொண்டார்.

தாவீது ராஜாவை நினைவுகூருங்கள். ஆலயம் கட்ட வேண்டும் என்ற எண்ணம் அவன் இருதயத்தில்தான் முதலில் பிறந்தது. கர்த்தரோ, நீ கட்ட வேண்டாம், உன் குமாரன் கட்டுவான் என்றார். நாமாயிருந்தால் அன்றோடு அந்தப் பேச்சை விட்டிருப்போம். அவனோ பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு, மரம் என்று எல்லாவற்றையும் சேர்த்தான். ஆலயத்தின் மாதிரியைச் சாலொமோன் கையில் கொடுத்தான். தன் சொந்தப் பொக்கிஷத்தையும் திறந்து கொடுத்தான். கட்டி முடிய ஏழு ஆண்டுகள் ஆயின. அதற்குள் தாவீது கல்லறையில் இருந்தான். இன்றுவரை உலகம் அதைச் "சாலொமோனின் ஆலயம்" என்றே அழைக்கிறது. அதனால் தாவீதுக்கு ஒரு குறையும் இல்லை. வந்ததெல்லாம் கர்த்தருடைய கரத்திலிருந்து வந்தது, அவர் கொடுத்ததையே அவருக்குக் கொடுத்தோம் என்று அவன் ஜெபத்தில் அறிக்கையிட்டான். தன் பெயரை அவன் தேடவில்லை.

நம்முடைய சபைகளில் இந்தப் பாடம் எவ்வளவு தேவை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஊர்ப்பெயர் வேண்டாம், ஓர் ஆலயத்தின் பிரதிஷ்டைக்கு முன் கல்வெட்டில் எவர் பெயர் எவர் பெயருக்கு மேலே வர வேண்டும் என்பதற்காக மூன்று கூட்டங்கள் நடந்ததை நான் அறிவேன். தரை போடுவதற்கு ஒரே கூட்டத்தில் முடிவெடுத்தவர்கள் அவர்கள்! இறுதியில் பளிங்குக் கல் இரண்டு மடங்கு பெரிதாயிற்று. பெயர்கள் எல்லாம் இடம்பெற்றன. ஆண்டவருடைய நாமம் மட்டும் சிறிய எழுத்தில் உச்சியில் இருந்தது.

எங்களைப் போன்ற போதகர்களுக்கு இது வேறு வழியில் வரும் சோதனை. மாற்றல் என்ற ஒன்று உண்டல்லவா? நான் ஊழியம் செய்த ஒரு கிராமத்துச் சபையில் புதிய ஆலயத்துக்கு அடித்தளம் போட்டோம். ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பிய வேளையில் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிரதிஷ்டைக்குச் சென்றேன். பின் வரிசையில் இடம் கிடைத்தது. எனக்குப் பின் வந்த போதகர் மிகுந்த உழைப்போடு அதை முடித்திருந்தார். ஆராதனை முழுவதும் என் கண்கள் நான் நின்று கட்டிய அந்தக் கீழ்ச் சுவரையே தேடின. பூச்சு வேலை முடிந்து, வர்ணமும் அடித்துவிட்டதால், எங்கே என் காலத்து வேலை முடிந்தது, எங்கே அவர் காலத்து வேலை தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வலித்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நன்றாகக் கட்டிய சுவரின் இலட்சணமே அதுதான் அல்லவா? இணைப்புத் தெரியக் கூடாது.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதியதும் இதைத்தான் (1 கொரிந்தியர் 3). நட்டவன் ஒருவன், நீர் பாய்ச்சினவன் வேறொருவன், விளையச் செய்தவர் தேவன். அஸ்திபாரம் போட்டவன் ஒருவன், அதன்மேல் கட்டுகிறவன் மற்றொருவன். அந்த அஸ்திபாரமும் இயேசு கிறிஸ்துவே. அப்படியிருக்க, எவருடைய பெயரை எவருடைய பெயருக்கு மேலே எழுதுவது?

பழைய கட்டடங்களைச் செப்பனிடும் முதிய கொத்தனார் ஒருவரிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். மதுக்கரையில் சிமெண்டு ஆலை வந்தது 1930-களில்தான். அதற்கு முந்தைய தலைமுறைகளின் பெரிய கட்டடங்களெல்லாம் சுண்ணாம்புச் சாந்தால் எழுந்தவை. சுக்கான்கல்லைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பக்குவப்படுத்துவார்கள். "சுண்ணாம்புக்கு அவசரம் தெரியாதுங்க, ஐயா. கொத்தனாரு போன பொறவும் அது வேலை செஞ்சுட்டே இருக்கும்" என்றார் அவர். அறிவியலும் அதையே சொல்லுகிறது. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மறுபடியும் கல்லாக மாறுகிறது. மேற்புறத்தில் தொடங்கும் இம்மாற்றம் கனத்த சுவரின் உட்புறத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். கூலி வாங்கிக்கொண்டு கொத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். சுவரோ ஆண்டுதோறும் உறுதிப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்த ஆயரின் வேலையும் அப்படியே ஆயிற்று. 1867-இல் பேராலயம் முடிந்தபோது அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஃப்ரீடவுனில் அவரோடு அழிந்ததாகத் தோன்றிய சபையோ, லியோனில் எஞ்சியிருந்தவர்களின் உழைப்பால் உயிர் பிழைத்தது. 1861-இல், அவர் செல்ல விரும்பிய அதே தகோமே நாட்டில் அதன் ஊழியர்கள் கால் வைத்தார்கள். இந்நாட்டவர் தலைமை என்ற அவருடைய கனவும் வீண்போகவில்லை. கோவைக் கத்தோலிக்கத் திருச்சபைக்குப் பிற்காலத்தில் இந்தியரே ஆயர்களாக வந்தனர். நம்முடைய தென்னிந்தியத் திருச்சபையில் கோவைத் திருமண்டலம் 1950-இல் உருவானபோது, அதன் முதல் பேராயராக வந்தவர் பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி. பிரேசியாக் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற 1850-க்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து! 2020-இல் போப் பிரான்சிஸ், அவருடைய வாழ்வின் நற்பண்புகளை ஏற்று, வணக்கத்துக்குரியவர் என்று அறிவிக்க ஒப்புதல் அளித்தார். இவற்றில் ஒன்றையும் அவர் கண்ணால் காணவில்லை.

அன்பானவர்களே, உங்களிடமும் முடியாத வேலை ஒன்று இருக்கும். பிள்ளைக்காக 20 ஆண்டுகளாக ஜெபிக்கிறீர்கள். அவன் இன்னும் திரும்பவில்லை. ஓய்வு நாள் பள்ளியில் கற்பித்த சிறுவர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. நேர்மையாயிருந்ததற்காக ஒரு பொறுப்பை விட்டு விலக நேர்ந்தது. இன்று அந்த நாற்காலியில் வேறொருவர் அமர்ந்து உங்கள் உழைப்பின் பலனை வாங்கிக்கொள்கிறார். "நான் தொடங்கினேன், முடிக்கவில்லையே" என்ற ஏக்கம் உங்களை இரவில் எழுப்புகிறதா? உங்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். முடிக்க வேண்டியவர் நீங்கள் என்று ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை. உண்மையாயிருங்கள் என்றே சொன்னார். ஒருவன் விதைக்க மற்றொருவன் அறுப்பது அவருடைய வயலின் வழக்கம் (யோவான் 4:37). நீங்கள் வைத்த வரி நேராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மேல் வரியை வைக்கிறவர் வருவார்.

இதன் மறுபுறத்தையும் மறவாதிருங்கள். இன்று நீங்கள் நின்று ஆராதிக்கும் ஆலயத்தில், உங்கள் காலடியில் ஒருவருடைய முடியாத வேலை இருக்கிறது. பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் பெரியதாகக் கட்டுவோம் என்ற பேச்சு எழும்போது, கட்டடத்தின் வலுவைப் பொறியாளர் பார்க்கட்டும். அதைக் கட்டினவர்களின் வரலாற்றைச் சபையார் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். அதன் பின் முடிவெடுங்கள். அரசின் பட்டியலில் ஏறாத ஆலயத்துக்கும் சபையின் நினைவில் இடம் உண்டு.

அடுத்த முறை பெரிய கடை வீதிக்குச் செல்லும்போது, கடைகளிலிருந்து பார்வையைச் சற்று உயர்த்தி அந்தப் பேராலயத்தைப் பாருங்கள். அதைத் தொடங்கியவரின் கல்லறை அங்கே இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் நம்மிடம் இருக்கிறது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் இப்போது நாமே. நம் சபையில், நம் வீட்டுத் திருமணத்தில், நம் கல்லறைத் தோட்டத்தில்.

ஜெபம்: ஜீவனுள்ள கற்களால் மாளிகை கட்டுகிற எங்கள் தேவனே, எங்கள் கையின் வேலையை உமது பாதத்தில் வைக்கிறோம். முடிந்ததற்காக நாங்கள் மேன்மை பாராட்டாதபடியும், முடியாததற்காகச் சோர்ந்துபோகாதபடியும் எங்களைக் காத்தருளும். உமது வீட்டைக் கட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு உமது பிள்ளைகளுக்கு நடுவே சுவர் எழுப்பாதபடி எங்கள் கைகளைத் தடுத்தருளும். எங்களுக்கு முன் உழைத்து, பெயர் எழுதப்படாமல் போன யாவருக்காகவும் உம்மைத் துதிக்கிறோம். எங்களுக்குப் பின் வருகிறவர்கள் எங்களைவிட நன்றாகக் கட்ட அருள்புரியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.